எதால் வகுக்கிறாய்?

அன்புள்ள மகளுக்கு,

எலி மூளையின் கூட்டுச் சர்க்கரைகள் (சங்கிலியாகச் சேர்ந்தோ, புரதத்தோடும் கொழுப்போடும் ஒட்டியோ இருப்பவை) வயதோடு எப்படி மாறுகின்றன என்று அளக்கப்போகிறாய். அளந்ததை ஒப்பிட எந்த எடையால் வகுக்கப்போகிறாய் என்பதை முதலில் முடிவு செய்துகொள்.

ஈர எடையால் வகுக்காதேம்மா. பிறந்த குட்டியின் மூளையில் தண்ணீர் 88 சதவீதம் போல இருக்கும். வளர்ந்த எலியில் 78. 1 கிராம் மூளையில் உலர்ந்த பொருள் 120 மில்லிகிராமிலிருந்து 220க்கு ஏறிவிடுகிறது. உலர் எடையில் துளியும் மாறாத சர்க்கரைகூட ஈர எடைக் கணக்கில் 1.8 மடங்கு கூடியதாகத் தெரியும். வெறும் உலர் எடையும் சரிப்படாது. நரம்பிழைகளைச் சுற்றும் கொழுப்புறையான மயலின் ஏற ஏறக் கொழுப்பு கூடி, மற்றதெல்லாம் குறைந்ததுபோலக் காட்டும். கொழுப்பு நீக்கி உலர்த்திய தூளின் எடையையே எடுத்துக்கொள்.

கொழுப்பெடுக்க, 1 கிராம் திசுவுக்கு 20 மில்லிலிட்டர் கரைப்பான்: குளோரோஃபார்ம் 2 பங்கு, மெத்தனால் 1 பங்கு. வடிகட்டியபின் தங்கும் வண்டலில்தான் ஹயலூரோனன், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், சர்க்கரை ஒட்டிய புரதங்களான கிளைக்கோபுரதங்கள் எல்லாம். வடிநீரில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். கொழுப்பு கீழேதானே என்று மேலடுக்கைக் கொட்டிவிடாதே. கேங்லியோசைடு கொழுப்பு இனம்தான், ஆனால் அதன் சர்க்கரைத் தலை அதை நீர் மிகுந்த மேலடுக்குக்கு இழுத்துவிடும்.

கிளைக்கோபுரதத்தின் சியாலிக் அமிலத்துக்கு (அமிலத் தன்மையுள்ள ஒரு சர்க்கரை), நிறம் உண்டாக்கி அளக்கும் தயோபார்பிட்யூரிக் முறை போதும். கட்டுண்ட அமிலம் நிறம் தராது, 0.1 நார்மல் கந்தக அமிலத்தில் 80 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைத்துப் பிரித்துவிடு. நிறம் ஒளியை உறிஞ்சும் அளவை 549 நானோமீட்டரில் மட்டும் படித்து நிறுத்தாதே. டி.என்.ஏ.வின் டீஆக்ஸிரைபோஸ் 532இல் உச்சம் காட்டி 549க்கும் வழியும். இரண்டிலும் படித்துக் கழி. குட்டி மூளையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தப் பிழை வயதோடு கூடவே ஓடும், அதுதான் வில்லங்கம். கேங்லியோசைடுக்கு இந்த முறை வேண்டாம்; ஜி.எம்.1 என்ற கேங்லியோசைடின் சியாலிக் அமிலம் இந்த லேசான அமிலத்துக்கு அசையாது. ரிசார்சினால் என்ற இன்னொரு நிற முறையில் 580 நானோமீட்டரில் படி.

இன்னொன்று, வளர்ச்சியை முதுமை என்று எழுதிவிடாதே. ஹயலூரோனனும், சியாலிக் அமிலச் சங்கிலியான பாலிசியாலிக் அமிலமும் சரிவதும், காண்ட்ராய்ட்டினில் சல்ஃபேட் 6ஆம் இடத்தில் ஒட்டிய வகை (6-சல்ஃபேட்) குறைந்து 4ஆம் இடத்தில் ஒட்டிய வகை (4-சல்ஃபேட்) ஓங்குவதும் பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் முடிகிற கதை. முதுமைக்கு 6 மாத எலியையும் 24 மாத எலியையும் ஒப்பிடு, தனி வரைபடத்தில். முழு மூளையையும் அரைக்காதே. நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸை வெட்டித் தனியாக வை. முதுமையின் மாற்றம் சிறியது, இடத்துக்கு இடம் வேறு. அரைத்தால் கலந்து காணாமல் போகும்.

செல்லின் சேமிப்புச் சர்க்கரையான கிளைக்கோஜனை மட்டும் இதே திசுவில் அளக்காதே. உயிர் பிரிந்த சில நிமிடங்களிலேயே அது கரைந்துவிடும்; நீ அளப்பது வயதை அல்ல, உன் கத்தரிக்கோலின் வேகத்தை.

அன்புடன்,
அப்பா