நடுக்கட்டை வைத்த கிட்டார்

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டு வலி தணிந்து மாலை நடையை மறுபடி தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிம்மதி அடைந்தது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். புதுக் கிட்டார் வாங்கியதை நான் இரண்டே வரியில் எழுதியிருக்க, நீ ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகளாக அனுப்பியிருக்கிறாய். அசல் ஒன்று இருக்கும்போது மறுபதிப்பை ஏன் வாங்கினாய் என்பதுதான் அவற்றில் தலையானது. அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று இன்று மாலை உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வாங்கியது எபிஃபோன் ஈ.எஸ். 335. கிப்சன் நிறுவனம் 1958-ஆம் ஆண்டு முதன்முதலில் கொண்டுவந்த செமி ஹாலோ, அதாவது உடல் பாதி மட்டும் கூடான, கிட்டாரின் அமைப்பை ஒட்டி, அதே நிறுவனத்துக்குச் சொந்தமான எபிஃபோன் பெயரில் குறைந்த விலைக்கு வருவது. செர்ரிச் சிவப்பு நிறம். விரல்பலகையில் அந்தக் காலத்து வெள்ளைப் புள்ளிகள். எனக்கு 60,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. அமெரிக்காவில் செய்யப்படும் புதிய கிப்சன் இங்கே வந்து சேர்வதற்குள் சில லட்சங்களைத் தொட்டுவிடும். முதல் சில ஆண்டுகளில் வந்த அசல்களோ சேகரிப்பாளர்கள் பூட்டி வைக்கும் பொருளாகிவிட்டன. ஓய்வூதியத்தில் வாழ்கிற எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது இதுதான். ஆனால் வேறு வழியில்லாமல் இதை வாங்கினேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

வில்லிவாக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நம் மெல்லிசைக் குழு வாசித்த அந்த வரவேற்பு இரவு உனக்கு மறந்திருக்காது. என்னிடம் இருந்தது உள்ளே முழுக்கக் கூடான பழைய கிட்டார். அதன் மேல், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். ஒலிபெருக்கும் ஆம்பைக் கொஞ்சம் கூட்டியவுடன் ஹவுலிங், அதாவது ஊளைச் சத்தம், தொடங்கியது. பல்லவி முடியும்வரை உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிக்கொண்டு நான் நின்றேன். உள்ளே கூடே இல்லாத உன் சாலிட் பாடி கிட்டார் கத்தவே இல்லை, நீதான் என் பகுதியையும் சேர்த்து வாசித்து மானத்தைக் காப்பாற்றினாய். ஆனாலும் வீட்டில் தணிந்த ஒலியில் வாசிக்கும்போது என் கிட்டாரின் குரலில் இருந்த காற்றும் கனிவும் உன்னுடையதில் இல்லை என்று நீயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். உன் உறுதியும் என் இனிமையும் ஒரே வாத்தியத்தில் கிடைக்காதா என்று அன்று நாம் ஏங்கியதற்கு விடை, நாம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நம் கைக்குத்தான் வந்து சேரவில்லை.

ஹவுலிங் எப்படி வருகிறது என்று பார். ஒலிபெருக்கியின் ஓசை கூடான உடலின் மேற்பலகையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வு தந்திக்கு ஏறி, பிக்கப் வழியாக மறுபடியும் ஒலிபெருக்கிக்கே போகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையாகிவிடுகிறது. 335-இன் உடலுக்குள், கழுத்து வந்து சேரும் இடத்திலிருந்து அடிவரை, மேப்பிள் மரக்கட்டை ஒன்று நேராக ஓடுகிறது. பிக்கப்பும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் அந்தக் கட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பக்கச் சிறகுகள் மட்டுமே கூடு. எஃப் வடிவத் துளைகள் அவற்றில்தான் திறக்கின்றன. ஆகவே தந்தியின் பிடி உறுதியாகவும், குரல் காற்றோட்டமாகவும் இருக்கிறது. மேசை ஓரத்தில் விரல் மூட்டால் தட்டித் தட்டி உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று தச்சர்கள் கண்டுபிடிப்பார்களே, அதைப் போல இதன் முதுகைத் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் தொம் என்று கேட்டது, நடுவில் டக் என்று அடங்கியது. அந்த இரண்டு ஓசைகளையும் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் நியூயார்க்கில் இருந்த எபிஃபோன் தொழிற்சாலையில், வேலை நடக்காத நாட்களில் போய், ஒரு பைன் மரக்கட்டையில் பிக்கப்பும் கழுத்தும் பூட்டி வாசித்துப் பார்த்தார். கிட்டார் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக எபிஃபோன் கிட்டார் ஒன்றின் உடலை இரண்டாக அறுத்து இரு பக்கமும் மாட்டினார். அதை 'லாக்', அதாவது மரக்கட்டை, என்றே அழைத்தார். பிற்பாடு 1957-இல் எபிஃபோன் கிப்சனின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, டெட் மெக்கார்ட்டி தலைமையில் இருந்த கிப்சன், நடுவில் கட்டையும் இரு பக்கம் கூடுமாக 335-ஐ வெளியிட்டது. அந்த மரக்கட்டை உருவான தொழிற்சாலையின் பெயரே இன்று என் கிட்டாரின் தலையில் பொறித்திருப்பதை நினைத்தால், இதை யாரும் போலி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. பழைய இலக்கியங்களுக்கு மலிவுப் பதிப்பு வருவதில்லையா? தாளும் கட்டும் வேறாக இருக்கும். பாட்டு அதே பாட்டுதான்.

தாளும் கட்டும் எங்கே வேறு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்க 335-க்கு நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசுவார்கள். அது மெல்லியது, வயதாக ஆக மயிரிழையாக வெடித்து அழகு பெறும். என்னுடையதில் இருப்பது பிளாஸ்டிக் போலக் கெட்டியான பாலி மெருகு. அந்த முதுமையின் அழகு இதற்கு என்றைக்கும் வராது. ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வை வழியும் முன்கையை வைத்து வாசிக்கும் நமக்குப் பாலி மெருகே தோது என்பது என் கருத்து. உடல் ஒரே பலகையாக இல்லாமல் ஒட்டுப் பலகையாக இருப்பதைச் சிலர் குறை என்பார்கள். அசலிலும் ஒட்டுப் பலகைதான். அடுக்குகளின் ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போவதால் ஈரத்தில் உப்பி விரிவது குறைவு. கழுத்து மட்டும் ஐப்பசி மழையில் கொஞ்சம் அசைந்தது. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்னும் இரும்புக் கம்பியைக் கால் திருகு திருப்பியதும் சரியாகிவிட்டது. உப்புக் காற்றுக்குத் தப்பாதது தந்திதான். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுகிறேன்.

பிக்கப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டும் ஹம்பக்கர். கிப்சனில் சேத் லவர் 1955-இல் வடிவமைத்த வகை. இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்திருப்பதால் மின் இரைச்சல் ஒன்றையொன்று தள்ளுபடி செய்துகொள்கிறது. மண்டபத்து டியூப் லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் சேர்ந்து உன் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் போட்ட அந்த ரீங்காரம் இதில் கேட்காது. இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும்: இதன் தந்தி நீளம் 24.75 அங்குலம், உன்னுடையது 25.5. அதே கனமுள்ள தந்தியே இதில் இழுவைக்கு இளகிக் கொடுப்பதால், மூன்றாவது தந்தியில் ஒரு காந்தாரத்தை அசைத்து நிறுத்துவது என் வயதான விரலுக்கும் கூடிவருகிறது.

பராமரிப்பில் ஒரே ஒரு தொல்லை உண்டு. ஒரு நாள் கேபிளைத் தெரியாமல் மிதித்துவிட்டேன். கேபிளைச் செருகும் ஜாக் கழன்று உடலுக்குள் விழுந்துவிட்டது. பின்பக்கம் மூடி ஏதும் கிடையாது. எல்லாவற்றையும் எஃப் துளை வழியாகத்தான் எடுக்க வேண்டும். ஜாக்குக்கான ஓட்டை வழியே தையல் நூலை உள்ளே விட்டு, அதன் நுனியை எஃப் துளையில் பிடித்து வெளியே இழுத்து, அங்கேயே ஜாக்கின் கழுத்தில் முடிந்து, மெல்ல உள்ளே இழுத்து ஓட்டைக்குக் கொண்டுவந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீ வாங்கினால் ஜாக்கைப் பிடித்திருக்கும் நட்டை மாதம் ஒருமுறை இறுக்கிப் பார்த்துக்கொள்.

நீ எபிஃபோனின் இன்னொரு கிட்டாரான கேசினோவை நினைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். பீட்டில்ஸில் மெக்கார்ட்னி, லென்னன், ஹாரிசன் மூவரும் வைத்திருந்தது என்பதால் அதன் மேல் உனக்கு ஆசை இருப்பது எனக்குத் தெரியும். வெளித்தோற்றத்தில் இரண்டும் அக்கா தங்கை போல இருந்தாலும், 1961-இல் வந்த கேசினோவுக்குள் நடுக்கட்டை கிடையாது; முழுக்கக் கூடு, பிக்கப்பும் பி-90 என்னும் ஒற்றைச் சுருள் வகை. வீட்டில் வாசிக்க மட்டும் என்றால் தயங்காமல் வாங்கு, எடையும் குறைவு, உன் தோளுக்கு நல்லது. மறுபடி மேடை ஏறும் எண்ணம் இருந்தால் வில்லிவாக்கத்தை நினைத்துக்கொண்டு முடிவு செய்.

எதை வாங்கினாலும் முதலில் இங்கே வந்து இதை வாசித்துப் பார். தை பிறந்ததும் சென்னை வருவதாக எழுதியிருந்தாய் அல்லவா? உன் விரலுக்குப் பழகிய தந்தியின் கனம் ஒன்பதா பத்தா என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடு. நீ வரும் வாரம் அதையே மாட்டி வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்