தலையாட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் மேற்கு வங்காளம், வங்கதேசம், வடகிழக்கு மாநிலத்துக்காரர்களால்தான் எங்கள் பிழைப்பு. கொஞ்சம் வங்காளம், கொஞ்சம் இந்தி என்று சமாளித்துவிடுவோம். ஆனால் அது போதவில்லை; அவர்களின் பேச்சையும் பழக்கவழக்கத்தையும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருநாள் அறை இருக்கிறது என்று நம்மூர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இல்லை என்று நினைத்து, நோயாளியோடு வந்த குடும்பம் படியிறங்கிவிட்டது. ஓடிப்போய்க் கூட்டி வந்தேன்.

கொல்கத்தாக்காரருக்குத் தண்ணீர் 'ஜோல்', டாக்காக்காரருக்குப் பெரும்பாலும் 'பானி'. கொல்கத்தாக்காரர்கள் அண்ணனை 'தாதா' என்பார்கள். நம்மூரில் அதற்கு அர்த்தமே வேறு!

மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையக் கல்வித் தளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு. சரி, வாரக்கணக்கில் நீளும் கல்லூரிப் பாடத்தை ஆட்டோக்காரரும் மருந்துக்கடைப் பையனும் எப்போது பார்ப்பது? வங்காளப் பேச்சையும் பழக்கத்தையும் சொல்லித்தர, செல்போனில் பார்க்கிற மாதிரி பத்து நிமிடத் தமிழ் வீடியோக்கள் வேண்டும். அப்புறம், வாரம் ஒருநாள் வீடியோ காலில் வங்காளிகளோடு பேசிப் பழக வழி செய்ய வேண்டும். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இதை முன்னெடுக்கலாமே?

– ஒரு லாட்ஜ் ஊழியர், வேலூர்