மரம் தானாக வளராது

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வரலாறு தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். பதினோரு வருடமாக எனக்கும் அதே கிறுக்குதான். ஆனால் "இணையத்தில் பெயரைத் தட்டினால் போதும், வம்ச மரம் தானாக வளரும்" என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நானும் அப்படி வளர்த்தவன்தான். யாரோ ஒரு தூரத்து உறவினர் போட்டு வைத்திருந்த மரத்திலிருந்து ஒரே இரவில் நான்கு தலைமுறையை எடுத்து ஒட்டிக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து வயதைக் கணக்குப் போட்டால், மகன் பிறந்தபோது தாய்க்கு வயது 9! ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரை ஒருவராக்கி விட்டிருக்கிறார்கள். என் மரத்தில் திருத்திவிட்டேன். என்னிடமிருந்து எடுத்துப்போன மூன்று பேர் மரத்தில் அந்தச் சிறுமி இன்னும் தாயாகவே இருக்கிறாள்.

அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தத் தாளில் பார்த்தது என்று ஒரு வரி எழுதுகிறேன். தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. இறப்புச் சான்றிதழில் இறந்த தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் துக்கத்தில் இருந்த யாரோ ஞாபகத்திலிருந்து சொன்னவை.

தாளே இல்லாமலும் போகும். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1921-ல் நடந்த தீ விபத்தோடு போயிற்று. இங்கிலாந்தின் 1931 ஏடுகள் 1942-ல் எரிந்தன. அங்கெல்லாம் எதைத் தட்டி எதை வளர்ப்பது?

கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயம், முன்னோருக்கு எண் போடும் முறை. 1590-லேயே அச்சேறிய பழைய முறை அது. நான் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா; அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. எது காலி என்று பளிச்சென்று தெரியும். என் நோட்டில் 16 முதல் 31 வரை பார்த்தால் இரட்டைப்படை எண்கள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. ஒற்றைப்படை அத்தனையும் வெறும் கோடு. அதாவது பெண்கள் ஒருவர்கூட இல்லை. பரம்பரைப் பெருமை பேசும்போது நாம் யாரை விட்டுவிடுகிறோம் என்று அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

போன மாதம் அத்தையிடம் போனேன். "உங்க கொள்ளுப்பாட்டி பேர் என்ன?" என்றால் "யாருக்குடா ஞாபகம்" என்பார். அதனால் எதுவும் கேட்காமல் ஒரு பழைய புகைப்படத்தை மடியில் வைத்தேன். ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும் கிழவியின் மேல் விரலை வைத்து, "இது எங்க அம்மாவை வளர்த்த பாட்டி, அம்மாவோட அம்மாவைப் பெத்தவ" என்றார். படத்தின் பின்புறம் மை ஊறிவிடும் என்பதால் பென்சிலால் மெதுவாக எழுதிக்கொண்டேன்.

எண் 23-க்கு எதிரே இப்போது ஒரு செல்லப்பெயர் இருக்கிறது. சொந்தப் பெயர் அத்தைக்கும் தெரியவில்லை. பக்கத்தில் "அத்தை சொன்னது" என்று போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்