வண்டியைக் கழுவுவது யார்?

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்றதும்தான் நிம்மதி.

கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கி வந்த 108 ஆம்புலன்ஸ் ஆட்களை மறுநாளே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் செல்வம். கட்டாயமாக ஒரே அமர்வில் கொட்ட வைப்பதால் பலன் இல்லை, சிலருக்கு அது கெடுதலாகவே முடிகிறது. உலக சுகாதார நிறுவனமும் கூடாது என்கிறது. தானாகப் பேசினால் கேள்.

முதலில் வண்டியைப் பார். கேஸை இறக்கிய, வண்டியில் முதலுதவி செய்த அதே ஈ.எம்.டி.தான் குனிந்து, ஸ்ட்ரெச்சர் பூட்டுக்குள் உறைந்த ரத்தத்தைச் சுரண்டுகிறார். ஒரு சதவீத ஹைப்போகுளோரைட், அதாவது பிளீச்சிங் கரைசல், ஊற்றிப் பத்து நிமிடம் அந்த நெடியிலேயே நிற்கிறார். பிறகு எங்கே பிளீச்சிங் வாடை வந்தாலும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். குழந்தை கேஸ், தெரிந்த குடும்பம் என்றால் வேறு ஆளைக் கழுவச் சொல். ஒரு மணி நேரமாவது அடுத்த கேஸ் கொடுக்காதே. கிராமத்தில் பக்கத்து வண்டி முப்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கும். அதனால் கண்ட்ரோல் ரூமில் இப்போதே பேசி வை, அன்றைக்குப் பேசினால் நடக்காது.

வண்டி ஓட்டுகிற பைலட்டை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பின்னால் கேட்கிற அழுகை முழுக்க அவர் காதில்தான் விழுகிறது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. டூட்டி முடிந்து டீக்கடைக்குப் போனால் "உசுரு இருந்துச்சா?" என்று ஊரே கேட்கும். "ஆஸ்பத்திரில கேட்டுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நகரப் பழக்கு.

மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஒரு மாதம் கழித்து என்று தனியாக விசாரி. "நல்லாருக்கியா" என்றால் "ம்" என்பார்கள். "தூக்கம் வருதா, சோறு இறங்குதா, அந்த ரோட்டுல போறியா, சுத்திப் போறியா" என்று கேள். முதல் சில வாரம் கனவு, திடுக்கிடல் இருக்கும். பெரும்பாலும் தானே அடங்கும். ஒரு மாதம் தாண்டினாலோ, தூங்குவதற்காகக் குடித்தாலோ மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பு. சாகிற பேச்சு வந்தால் அன்றைக்கே, நீயே கூடப் போ. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போட விடாதே. பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பேர் ஆபீசுக்குப் போய்விடும் என்ற பயத்தில்தான் கூப்பிட மாட்டார்கள். அதனால் யார் கூப்பிட்டது என்று நீ கேட்கவே கேட்காதே.

அடுத்த ஷிஃப்ட் போடும்போது அந்த ஈ.எம்.டி.யையும் பைலட்டையும் பிரித்துவிடாதே.

அன்புடன்,
கதிர்