கிரியற்றினின் சரி, கட்டி?

ஆசிரியர் அவர்கட்கு,

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரகம் என்றாலே கிணற்றுத் தண்ணீரும், சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவான கிரியற்றினினும்தான் பேச்சு. மருத்துவ முகாமில் சோதனைக்கு இரத்தம் கொடுத்து ‘கிரியற்றினின் சரி’ என்று வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். ரியூபரஸ் ஸ்கிளரோசிஸ் உள்ளவர்களுக்கு அந்த நிம்மதி பொருந்தாது.

ஏறத்தாழ 6000 பிறப்புகளுக்கு ஒன்றாக வரும் மரபணு நோய் இது. மூன்றில் இரு பங்கினருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இராது. சின்ன வயதில் வலிப்பு, தோலில் வெள்ளைத் திட்டுகள், பிறகு மூக்கோரமும் கன்னத்திலும் சிவந்த பொட்டுகள். தேமல், பரு என்று எண்ணி வருடக்கணக்காகக் களிம்பு பூசுவார்கள். வளர வளர, பெரும்பாலானோரின் இரு சிறுநீரகங்களிலும் அஞ்சியோமயோலிப்போமா என்ற கட்டிகள் வரும். கொழுப்பும் தசையும் வலுவில்லாத இரத்தக் குழாய்களும் சேர்ந்த கட்டி. பெருத்தால் உள்ளேயே வெடித்து இரத்தம் கசியும். அதுவரை மிஞ்சிய நல்ல திசு வேலையைச் சமாளித்துக்கொள்ளும். தொழிற்பாட்டில் பாதியளவு போனபின்னரே கிரியற்றினின் ஏறும்.

கட்டியையே காட்டக்கூடிய இரத்தக் குறிகாட்டியாகப் பேசப்படுவது வீ.ஈ.ஜி.எஃப்.-டி என்ற புரதம். கட்டி பெரிதானவர்களில் இதன் அளவு கூடியிருக்கும். கட்டியைச் சுருக்கும் எவரோலிமஸ் என்ற மருந்தைக் குடித்தால் கட்டியோடு இதுவும் இறங்கும். ஆனால் மில்லிலீற்றருக்கு 800 பிக்கோகிராம் என்ற எல்லையைச் சிறுநீரகத்துக்குப் பொருத்துவது பிழை. நுரையீரலில் நீர்க்குமிழி போன்ற வெற்றிடங்கள் உள்ள பெண்களில் எல்.ஏ.எம். என்ற நுரையீரல் நோயை உறுதிசெய்ய வைத்த எண் அது. அந்த நோய் இருந்தாலும் அளவு ஏறும் என்பதால், தாளில் உள்ள எண் எந்த உறுப்பைச் சொல்கிறது என்று பிரித்தறிய முடியாது. குறைவாக வந்தாலும் கட்டி இல்லையென்று எழுதிவிட முடியாது. ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே முறையில் திரும்பத் திரும்பப் பார்த்தால் சிகிச்சையின் போக்கை அறிய உதவும், அவ்வளவே.

ஆகவே ஸ்கானை விட வழியில்லை. 1 முதல் 3 வருடங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க, வயிற்று எம்.ஆர்.ஐ. தேவை. அது கிடைக்காத இடத்தில் அல்ட்ராசவுண்டாவது வேண்டும். கொழுப்புக் குறைந்த கட்டிகள் அதில் தவறலாம். கிளினிக் போகும் ஒவ்வொரு தடவையும் பிரஷர், வருடம் ஒருமுறை கிரியற்றினின். 3 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும் கட்டிக்கு, நோ இல்லாவிட்டாலும் எவரோலிமஸ் பற்றிக் கேளுங்கள்.

திடீரென விலாவில் கடும் நோ, சிறுநீரில் இரத்தம், தலைசுற்று என்றால் அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள். கசியும் குழாயை உள்ளிருந்தே அடைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். வெட்டி எடுப்பது கடைசி வழி. வலிப்புக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் அந்தப் பெயரையும் கடைசி ஸ்கான் திகதியையும் இப்போதே எழுதி வையுங்கள்.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
கிளிநொச்சி