நோட்டீஸில் இருக்கும் வரி செல்போனில் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் விளம்பரச் செலவு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்சிகள் கொட்டும் கோடிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறவருக்கு அது யார் காசில் வந்தது என்று அங்கேயே தெரிய வேண்டாமா என்பதையும் எழுதியிருக்கலாம். 22 வருடமாக ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். எனக்கு இது தினமும் கண்ணில் படுகிற விஷயம்.

தேர்தல் அறிவித்துவிட்டால் எங்கள் வேலையே மாறிவிடும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி, ஒரு பிட் நோட்டீஸ் அடித்தாலும் அதில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவருடைய பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்து முடித்த மூன்று நாளுக்குள் நான்கு பிரதிகளையும் அந்தப் படிவத்தையும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். எத்தனை பிரதி அடித்தோம், என்ன கூலி வாங்கினோம் என்பதையும் எழுதிக் கொடுக்கிறோம். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நோட்டீஸின் அடியில் இருக்கும் அந்தப் பொடி எழுத்து வரியை நான் மதிக்கிறேன். ப்ளேட் போடுவதற்கு முன் ப்ரூப்பில் முதலில் அதைத்தான் தேடுவேன்.

கடந்த மக்களவைத் தேர்தல் சமயம் இரண்டு இளைஞர்கள் பென் டிரைவோடு வந்தார்கள். ஒரு வேட்பாளரைத் தாக்கி நோட்டீஸ், 5,000 பிரதி. பேசிய கூலிக்கு மேலேயே தருவதாகச் சொன்னார்கள், கீழே பெயர் மட்டும் போடக்கூடாதாம். “அப்படியென்றால் வேண்டாம் தம்பி” என்று அனுப்பிவிட்டேன். நாலைந்து நாள் கழித்து என் மகள் செல்போனை நீட்டினாள். அதே படம், அதே வாசகம், ஒரு எழுத்துப் பிழை உட்பட அதே. மேலே சின்னதாக ‘விளம்பரம்’ என்று இருந்தது. பணம் கொடுத்தவர் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயரோடு ‘நண்பர்கள்’ என்று முடியும் ஒரு பக்கத்தின் பெயர். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கைப்பேசி எண். கூப்பிட்டேன், எடுக்க ஆளில்லை. நான் அடித்திருந்தால் 5,000 பேர் கைக்குப் போயிருக்கும். இது எத்தனை பேரிடம் போனதோ. என் வேலை போனதில் வருத்தமில்லை. அந்த நண்பர்கள் யார் என்று இன்றுவரை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, அதுதான் உறுத்துகிறது.

இணையத்தில் விதியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019 தேர்தலுக்கு முன்பே கூகுளும் ஃபேஸ்புக்கும் இந்தியாவில் அரசியல் விளம்பரங்களுக்குப் பணம் கட்டியவர் பெயரைக் காட்டத் தொடங்கின. நல்ல காரியம்தான். ஆனால் நிறுவனம் தானாக வைத்துக்கொண்ட விதி வேறு, நாட்டின் சட்டம் வேறு. தேர்தல் ஆணையமும் 2013லிருந்து சமூக ஊடகத்தில் வரும் தேர்தல் விளம்பரங்களுக்கு முன்அனுமதி கேட்கிறது. தொலைக்காட்சிக்கு 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி வந்த முறை அது. அந்த விண்ணப்பத்தில் விளம்பரத்துக்கு என்ன செலவு என்றுகூட எழுத வேண்டும். சரி, அதைப் பார்ப்பது யார்? சான்றிதழ் கொடுக்கும் குழு. விளம்பரத்தைப் பார்க்கும் வாக்காளருக்கு அதில் ஒரு வரியும் வந்து சேர்வதில்லை.

இதில் காசுக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை, மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரைதான் செலவழிக்கலாம். கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. வேட்பாளருக்கு ஆதரவாக அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியாள் செலவு செய்வது குற்றம்தான். ஆனால் செய்தவர் யார் என்றே தெரியாதபோது அதை யார் கணக்கில் எழுதுவது? யார் மேல் வழக்குப் போடுவது?

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்றது. கட்சியின் வங்கிக் கணக்குக்குள் போகும் பணத்துக்குப் பொருந்துகிற நியாயம், கட்சியைத் தொடாமல் நேராக விளம்பரமாகவே மாறிவிடும் பணத்துக்கும் பொருந்தத்தானே வேண்டும்?

பிரிட்டனில் 2023 நவம்பரிலிருந்து இணைய அரசியல் விளம்பரத்திலும் வெளியிடுபவர் பெயர், முகவரி, யார் சார்பில் வெளியிடுகிறார் என்பது சட்டப்படி இருக்க வேண்டும். எங்கள் நோட்டீஸ் வரிதான், அப்படியே திரைக்குப் போயிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கடுமையான விதி கொண்டுவந்தது. அது 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வருவதற்குள் கூகுளும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திவிட்டன. இணைய விளம்பரத்திலும் பெயர் போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தால் இங்கேயும் அப்படி ஆகும் என்று சிலர் பயமுறுத்தலாம். ஆகட்டுமே. பெயர் சொல்லாமல் வரும் விளம்பரத்துக்கு, விளம்பரமே இல்லாமல் இருப்பது மேல்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சொந்தக் காசில் 500 ரூபாய் போட்டுத் தன் தெருச் சாக்கடைப் பிரச்சினையை வேட்பாளர்களிடம் கேட்கிற ஆளை இந்தச் சட்டம் மிரட்டக்கூடாது. ஒரு தொகைக்கு மேல் என்று வரம்பு வைக்கலாம். அதற்கு மேலே போனால் பக்கத்தின் பெயர் போதாது. பணம் கொடுத்த ஆளின் அல்லது பதிவு பெற்ற அமைப்பின் பெயர், முகவரி, கொடுத்த தொகை மூன்றும் விளம்பரத்தின் மேலேயே தமிழில் இருக்க வேண்டும், தட்டித் தேடினால் வருவதாக அல்ல. அப்புறம், 127ஏ பிரிவில் இருக்கும் இரண்டாயிரம் ரூபாய் அபராதம் இன்றைய விளம்பரச் செலவுக்கு முன்னால் எம்மாத்திரம்? அதையும் மாற்ற வேண்டும்.

இந்தத் திருத்தத்தைக் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா என்று எங்கள் தொகுதி எம்.பி.க்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மற்ற தொகுதிக்காரர்களும் அவரவர் எம்.பி.யிடம் கேட்க வேண்டும் என்பதற்காகவே தங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்,
விருதுநகர் மாவட்டம்.