பழைய செம்மண்ணைக் கொட்டாதீர்கள்: சென்னை மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாடித்தோட்டக் குழு நண்பர்களுக்கும், செம்மண் மூட்டை விற்கும் நர்சரிக்காரர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பட்டம் வந்தாலே எங்கள் தெருக் குப்பைத்தொட்டி ஓரம் குரோ பேக் என்ற செடி வளர்க்கும் பையிலிருந்து கவிழ்த்த மண் குவியல் குவியலாகக் கிடக்கிறது. வேரைக்கூட உதறியிருக்க மாட்டார்கள். கேட்டால், "சத்தெல்லாம் போயிடுச்சு, புதுசா நிரப்பணும்" என்கிறார்கள். அப்புறம் செங்கல்பட்டுப் பக்கமோ திருவள்ளூர் பக்கமோ வெட்டிய மண் மூட்டை மூட்டையாக மாடி ஏறுகிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

நல்ல சிவப்பாக இருந்தால் நல்ல சத்து என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறோம். ஒரு பிடி செம்மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் தங்கிவிடும். சிவப்பு மட்டும் கலங்கலாக மேலே நிற்கும். அது மிக நுண்ணிய களிமண்ணும் அதன்மேல் படிந்த ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடும். மண்ணில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே இவ்வளவு நிறம் வந்துவிடும். ஆனால் அந்த இரும்பு தண்ணீரில் கரைவது மிக மிகக் குறைவு. அதனால்தான் செம்மண்ணில் வைத்த செம்பருத்திக்கும் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அது இரும்புக் குறை. நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். பை விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது அந்தத் தண்ணீர் விட்டுப்போனது. ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மை அடையும், இரும்பு இன்னும் கரையாது. இன்னும் சிவப்பான மண் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது. மழைநீரும் மக்கிய உரமும்தான் உதவும்.

வெப்பநாட்டுச் செம்மண் மழையிலும் வெயிலிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சிதைந்த பாறை. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சிலிக்காவில் பெரும்பகுதி எல்லாம் கரைந்து போய், கயோலினைட் களிமண்ணும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மிஞ்சியிருக்கின்றன. கரிசல் மண்ணின் களிமண் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட் (அயனிகளை அளக்கும் அலகு) வரை சத்து அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட சத்துத் துகள்களை, பிடித்து வைக்கும். கயோலினைட்டால் 3 முதல் 15 வரைதான் முடியும். இலைதழை, சாணம் மக்கி உருவாகும் மக்குப்பொருளுக்கோ 200-க்கு மேல். நேற்று வெட்டிய மண்ணுக்கும் இதே குறை உண்டு. ஆழத்தில் தோண்டியது என்றால் அதில் மக்கு மிகக் குறைவாகவே இருக்கும். சத்து நிற்க வேண்டுமானால் எந்த மண்ணிலும் மக்கைச் சேர்க்கத்தான் வேண்டும். அதைப் பழைய மண்ணிலேயே சேர்க்கலாமே?

மணிச்சத்து (பாஸ்பரஸ்) விஷயம் நேர் எதிர். நீங்கள் போட்ட டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் உரங்களின் மணிச்சத்தில் அந்தப் பருவத்துச் செடி எடுப்பது பெரும்பாலும் கால் பங்குக்கும் குறைவு. மீதியை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பரப்பு இறுகப் பிடித்துக்கொள்கிறது. காசு கொடுத்து வாங்கிய அந்த மணிச்சத்து இன்னும் பைக்குள்தான் இருக்கிறது, அதைத்தான் குப்பையில் கொட்டுகிறோம். தொழு உரம் மக்கும்போது வரும் அமிலங்கள் அதே இடத்துக்குப் போட்டியிட்டு, பிடிபட்டதில் கொஞ்சத்தை விடுவிக்கும். வாம் என்று நர்சரியில் விற்கும் வேர்ப்பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தை எடுத்து வரும்.

ஆகவே பழைய மண்ணை உதிர்த்து, தடித்த வேர்களை எடுத்துவிட்டு, உப்பு போகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவும் நன்கு மக்கிய உரமும் ஏறத்தாழ சம பங்கு சேருங்கள். பிடுங்கிய செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அது நூற்புழு என்ற, கண்ணுக்குத் தெரியாத சிறு புழுவின் வேலை. அந்த மண்ணை ஈரமாக்கி, நிறமற்ற பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, கத்திரி வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும்.

1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது செம்புரை (இரும்பு மிகுந்து இறுகிய செம்மண்) சரளை தோண்டிய குழி ஒன்றில். நம் காலடிச் செம்மண்ணின் வயது அப்படிப்பட்டது. ஒரு பருவக் கத்திரிக்காய்க்காக அதை வெட்டி வந்து, அடுத்த பருவம் குப்பையில் சேர்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நர்சரிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். மூட்டையின் மேல், எங்கே வெட்டியது, மேல்மண்ணா அடிமண்ணா, கார அமில நிலை எவ்வளவு என்று ஒரு வரி எழுதுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய மண்ணை வாங்கி, மக்கு கலந்து குறைந்த விலைக்குத் திருப்பிக் கொடுங்கள். குழு நண்பர்கள் யாராவது இந்த ஆடியிலேயே தங்கள் பகுதி நர்சரியில் இதைக் கேட்டுப் பார்ப்பீர்களா?